ஏகாதசி இருந்த மீன்

என் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் பரணி வெறுமனே நிற்கிறது. அகன்ற வாய், கனத்த அடி. உப்பு நார்த்தங்காய் போட்டால் வருஷம் முழுக்கக் காணும். ஆனாலும் ஒரு துண்டு நார்த்தங்காய்கூட அதில் நான் போட்டதில்லை. வீட்டுக்கு வருகிற பெண்கள், "இவ்ளோ நல்ல பரணியைச் சும்மா வெச்சிருக்கேளே மாமி" என்று அங்கலாய்ப்பார்கள். அதில் மீன் இருந்தது என்று சொன்னால் அப்புறம் என் வீட்டில் காப்பிகூடக் குடிக்க மாட்டார்கள். சிரித்து மழுப்பிவிடுவேன்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்துக்கு மருமகளாக வந்தவள் நான். என் மாமியாரின் ஆசாரம் தெருவுக்கே தெரிந்தது. வெங்காயம் வாசற்படி தாண்டாது. ஈர வேஷ்டி உலர்த்தும் கொடியை நான் தெரியாமல் தொட்டுவிட்டால் எல்லாம் மறுபடி நனைய வேண்டும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு மீன் வந்தது என்றால் அதற்கு என் கொழுந்தனார்தான் காரணம். பினாங்கில் வேலையாக இருந்தவர் எங்கள் கல்யாணத்துக்கு வந்தபோது, ஒரு ஜாம் பாட்டிலில் சயாம் தேசத்துச் சண்டை மீன் ஒன்றைக் கப்பலில் கொண்டுவந்தார். விரல் நீளம்தான் இருக்கும். மயில்கழுத்து நிறம், உடம்பைவிடப் பெரிய வால்.

லீவு முடிந்து அவர் கிளம்பும்போது மாமியார் தேம்பித் தேம்பி அழுதார். பிள்ளைக்குத் தாங்கவில்லை. "அழாதேம்மா. ஒன்னைப் பாக்க வராட்டாலும் இவனைப் பாக்க வருவேனாக்கும். பத்ரமா வெச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியேறினார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். மாமியார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டார். மீன் இருந்தால் பிள்ளை வருவான், மீன் போய்விட்டால் அவன் வருவதற்கு ஒரு காரணமும் இல்லை என்று அவர் மனதில் விழுந்துவிட்டது. அன்றே நார்த்தங்காய்ப் பரணி காலியாகி, தண்ணீரும் மீனுமாகக் கூடத்து ஜன்னலுக்கு வந்தது.

மீன் என்ன சாப்பிடும் என்று மட்டும் கொழுந்தனார் சொல்லாமல் போய்விட்டார். அந்த வீட்டில் அதைச் சொல்ல அவருக்கே பயமாக இருந்திருக்கும். அதனால் நாங்கள் சாப்பிட்டதை அவனும் சாப்பிட்டான். மாமனார் காக்காய்க்கு வைக்கும் சாதத்தில் இரண்டு பருக்கை போடுவார். என் கணவர் ஆபீசுக்குப் புறப்படும்போது இட்லி விள்ளல் ஒன்று. நான் தேங்காய்த் துருவல். மாமியார் நைவேத்தியப் பாயசத்து அரிசியை அலம்பிப் போடுவார். ஒருவர் போடுவது இன்னொருவருக்குத் தெரியாது. முதலில் துப்பிக்கொண்டிருந்தவன் பசியில் பழகிவிட்டான். நாலு பேரும் தனித்தனியாக, "பாவம், என்னை விட்டா அவனுக்கு யார் இருக்கா" என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் வயிறு உப்பிப் பரணியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தான். மாமனார் விபூதி இட்டுக்கொள்ளும் கைக்கண்ணாடியைக் காட்டினால், எதிராளி வந்துவிட்டான் என்று செவுளை விரித்துச் சீறுவது அவன் வழக்கம். அன்று கண்ணாடியை ஏறிட்டும் பார்க்கவில்லை. வீடு அல்லோலகல்லோலப்பட்டது. மாமனார் துளசி போட்டார். மாமியார் மஞ்சள்பொடி போட்டதில் தண்ணீர் சாம்பார் நிறமாகி, மீனைத் தேடவேண்டியதாயிற்று. என் கணவர் கொண்டுவந்த சுக்குக் கஷாயத்தை மட்டும் நான் கையைப் பிடித்துத் தடுத்தேன். கடைசியில் மாமியார் பரணிக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மீனை அல்ல, பினாங்கை என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணமாகி வந்தபிறகு அவர்மேல் எனக்கு முதன்முதலாகப் பிரியம் உண்டானது அப்போதுதான்.

மறுநாள் ஏகாதசி. அன்று எங்கள் வீட்டில் உலை வைப்பதில்லை. மாமனார் ரவை உப்புமாவில் ஒரு விள்ளலோடு ஜன்னலுக்குப் போனார். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"மதி, போட்டதெல்லாம் போறும். அவனுக்கும் இன்னிக்கு ஏகாதசி. போறதுன்னு இருந்தா உபவாசம் இருந்து போகட்டும், நல்ல கதியாவது கெடைக்கும்."

ஒரு மெல்லிய துணியால் பரணியின் வாயைக் கட்டினார். தாமும் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அன்று முழுவதும் பக்கத்திலேயே இருந்தார்.

துவாதசி காலையில் துணியை அவிழ்த்தபோது அவன் நடுத்தண்ணீரில் நேராக நின்றுகொண்டிருந்தான். வயிறு வற்றியிருந்தது. பாரணைக்கு முதல் பருக்கையை அவனுக்குத்தான் போட்டார். அவன் அதை மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். தண்ணீராவது மாற்றலாம் என்று கொல்லையில் துணி துவைக்கும் கல் பக்கத்துத் தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றினோம். அதோடு ஒரு கொசுப்புழு நெளிந்துகொண்டு வந்து விழுந்தது. அடுத்த கணம் அது இல்லை. அவன் வாயை மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தான்.

மாமியாரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"நீ ஒண்ணும் பாக்கலை" என்றார்.

"இல்லைம்மா."

கொஞ்ச நேரம் கழித்து, தமக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "அவா அவாளுக்கு அவா அவா ஆசாரம். அவன் ஆசாரத்தைக் கெடுக்க நான் யாரு?" என்றார்.

அதன் பிறகு தினமும் குளிப்பதற்கு முன்னால், கொட்டாங்கச்சியும் கையுமாகத் தொட்டிக்குப் போய்வருவார். தண்ணீர் தேங்கினால் என்னை வைது தீர்த்தவர், இப்போது தொட்டியை யாரும் கழுவக்கூடாது என்றார். கொசு ஒழிக்க எண்ணெய் தெளிக்க வந்த கார்ப்பரேஷன் ஆளிடம், "அது பசுவுக்குள்ள வெள்ளமாக்கும், தொடண்டா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பசு குடிக்கிற தண்ணீர், தொடாதே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பசு கிடையாது. மாமனார் தினமும் சாயங்காலம் காலைச் சொறிந்துகொண்டு, "எந்தா இது, நம்மாத்துல மட்டும் இவ்ளோ கொசு?" என்பார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிச் சிரிப்பேன். மீன் பழையபடி கண்ணாடியைப் பார்த்துச் சீறினான்.

மறு வருஷம் நவராத்திரிக்குக் கொழுந்தனார் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், கூடத்தைத் தாண்டினார், ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பாமல் நேரே சமையலறைக்குள் வந்து, "என்னம்மா, மெலிஞ்சு போயிட்டே!" என்றார். தட்டை நீட்டி அடை கேட்டார். மாமியார் காத்திருந்து காத்திருந்து பார்த்துவிட்டு, "ஒன் மீனைப் பாத்தியோ?" என்று கேட்டார்.

"எந்த மீன்?"

அடை தோசைக்கல்லில் கருகிற்று. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும்தான் அவருக்கு நினைவு வந்தது. "ஐயோ, அது இன்னும் இருக்கா? நான் வெளையாட்டுக்குன்னா சொன்னேன்!"

"அப்போ நீ மீனைப் பாக்க வரலையா?"

"மீனைப் பாக்க யாராவது கப்பலேறி வருவாளோ? ஒன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

மாமியார் சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, தலைப்பால் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பிள்ளை ஒன்றும் புரியாமல், "நம்மாத்துல இவன் எப்படிப் பிழைச்சான்? என்னம்மா குடுத்தே?" என்று கேட்டார்.

"சாதம்தான்" என்று சொல்லி என்னைப் பார்த்தார் மாமியார். நானும் தலையாட்டினேன்.

மீன் அதன் பிறகும் கொஞ்ச காலம் இருந்தான். அவன் போனதும் மாமியார் பரணியைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தார். "இனி இது நார்த்தங்காய்க்கு ஆகாது. ஆனா யாருக்கும் குடுத்துடாதே" என்றார். இப்போது அவரும் இல்லை. கொழுந்தனார் தலை நரைத்துச் சென்னையில் இருக்கிறார். போன மாதம் வந்திருந்தபோது அலமாரியிலிருந்து பரணியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, "மன்னி, இப்பவாவது நெஜத்தைச் சொல்லுங்கோ. அம்மா அவனுக்கு என்ன குடுத்தா?" என்று கேட்டார்.

"சாதம்தான்" என்றேன்.