எண்ணாமல் விட்ட முன்னச்சு

என் மேசையில் தாள்கள் பறக்காமல் இருக்க, வண்டியின் முன்சக்கரத்து நடுவில் மாட்டும் ஓர் இரும்பு ஹப்பை வைத்திருக்கிறேன். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். நடுவில் ஒரு குமிழ். அதைத் திருப்பினால் இரண்டு இடங்களில் ‘டக்’கென்று நிற்கும். ஓர் இடத்தில் ‘ஃப்ரீ’ என்றும் இன்னோர் இடத்தில் ‘லாக்’ என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருக்கும், எழுத்து பாதி தேய்ந்துவிட்டது. கிள்ளானில் இத்தனை வருடம் பட்டறை நடத்திய என் கையில் இதைவிட நல்ல சாமான்கள் எத்தனையோ வந்து போயின. எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். இதை மட்டும் யார் கேட்டும் கொடுத்ததில்லை. இது பெரிய டீச்சரின் வண்டியில் இருந்தது.

பெரிய டீச்சர் என்றால் தலைமையாசிரியை. ஜெஞ்சாரோம் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி அவருடையது. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர், அப்பா அரசாங்க உத்தியோகம். அங்கேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கலாமே, எதற்கு இந்தச் சேற்றுக்குள் வந்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “அங்க கன பேர் இருக்கினம் தம்பி” என்றார். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் டிவிஷன் என்போம்; கடைசி டிவிஷன் பள்ளியிலிருந்து நாலு மைல். அங்கிருந்து பிள்ளைகளை ஏற்றிவந்த லோரியைத் தோட்ட நிர்வாகம் நிறுத்திவிட்டது. மழை பிடித்தால் அந்தப் பாதையில் பிள்ளைகள் நடக்க முடியாது. அவர்கள் வராமல் போனால் எண்ணிக்கை குறையும், பள்ளியை மூட அது ஒன்றே போதும். டீச்சர் யாரிடமும் போய் முறையிடவில்லை. நிர்வாகம் ஏலம் போட்ட ஒரு பழைய நான்கு சக்கர இழுவைப் பிக்கப்பைத் தானே எடுத்தார், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானே ஓட்டினார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை காலை அந்த வண்டியோடு என் பட்டறைக்கு வந்தார். கையில் கட்டம் போட்ட கணக்கு நோட்டு. டிராக்டர் ஓடி ஓடிப் பாதையில் விழுந்த தடம் எத்தனை அங்குல ஆழம், பின்சக்கரங்களை இணைக்கும் பின்னச்சின் நடுவில் தொங்கும் இரும்புக் குடம் தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம் என்று அடிக்கோலால் அளந்து எழுதியிருந்தார். தடம் ஓர் அங்குலம் கூடுதல் ஆழம். அதனால்தான் வண்டி மண்ணில் உட்கார்ந்துவிடுகிறது. மரம் ஏற்றுகிறவர்கள் மாட்டும் பெரிய டயரே வேண்டும் என்று நின்றார்.

“அவ்வளவு அகலம் பாக்கத்தான் அழகு டீச்சர். ஸ்டியரிங்க ஒடிச்சா மட்கார்ட்ல உரசும். ஒல்லியா, மூணு அங்குலம் உயரமா போடுவோம். சேத்த வெட்டிக்கிட்டு அடியில இருக்க கெட்டி மண்ண புடிச்சிக்கும்லா.”

“மூண்டு அங்குலம் கூடினால் அச்சு ஒண்டரைதானே தம்பி உயரும்? சரி, அது காணும்.”

டயரின் உயரத்தில் பாதிதான் அச்சுக்குப் போய்ச் சேரும் என்பதைப் பல டிரைவர்களுக்கு நான் மணிக்கணக்கில் விளக்கியிருக்கிறேன். இவர் நோட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

டயர் உயர்ந்தால் அடுத்த தலைவலி இழுவை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும், பழைய இஞ்சினுக்கு அது பாரம், முதல் கியரிலேயே மூச்சு வாங்கும். அதைச் சரிக்கட்ட அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்ற வேண்டும். அந்த வண்டியில் இஞ்சின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுவரும் ஷாஃப்ட் நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். அதை நாலரைக்கு மேல் கொண்டுபோனால் போன இழுவை திரும்பிவிடும். ஆனால் முன்னச்சிலும் பின்னச்சிலும் ஒரே கணக்கு இருந்தாக வேண்டும். மாறியிருந்தால் நான்கு சக்கரமும் இழுக்கும்போது முன்னதும் பின்னதும் மல்லுக்கட்டும். சேற்றில் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்காது, இல்லாவிட்டால் ஏதாவது உடையும்.

சுங்கை வேயில் பழைய சாமான் கடை வைத்திருந்த தவுக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், இரண்டு அச்சுக்கும் பல்சக்கரங்கள் கிடைத்தன. ஒரே வண்டியில் கழற்றியவை என்றார். பின்னச்சில் மாட்டியதும் வழக்கம்போல எண்ணினேன். ஒரு பக்கத்துச் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, டயரிலும் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் கோடு போட்டு, மறுபக்கச் சக்கரம் தரையில் நிற்பதால் இதை ஒன்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றினால் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் கணக்கு. நாலரைக்கு மேல் வந்தது. முன்னச்சை முடித்தபோது டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். ஒரே வண்டிச் சாமான்தானே என்று எண்ணாமல் விட்டேன். சாக்பீஸ் கையில்தான் இருந்தது. “சேறு வந்தா இந்த லீவர இழுங்க டீச்சர், நாலு சக்கரமும் இழுக்கும்” என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்று வாரம் நல்ல மழை. பிறகு ஒரு நண்பகலில் தவுக்கே போன் செய்தார். கடகடவென்று மலாய் பேசுகிறவர், அன்றைக்குத் தயங்கித் தயங்கிப் பேசினார். ஒரே நாளில் இரண்டு வண்டிகளைப் பிரித்ததில் முன்னச்சுச் சாமான்கள் இடம் மாறிவிட்டனவாம். மற்றதை வாங்கிப் போன மெக்கானிக் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சத்தம் போட்டாராம். அவர் எண்ணியிருக்கிறார் என்பதுதான் எனக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நிமிடம் அந்தப் பாதை நினைவுக்கு வந்தது. சேறு முடிகிற இடத்தில் பாரிட் கரை ஆரம்பிக்கும். தோட்டத்துத் தண்ணீர் வடிய வெட்டிய கால்வாயைத்தான் பாரிட் என்போம். ஆள் முழுகும் ஆழம். கரைமேல் கல் இடித்துப் போட்ட கெட்டிப் பாதை. சேற்றில் இழுத்த லீவரை டீச்சர் கரை வந்ததும் திருப்பித் தள்ளுகிறாரா? அதைத் தள்ளச் சொன்னேனா என்றே எனக்கு நினைவில்லை.

பள்ளியில் போன் கிடையாது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பந்திங் சாலையில் பறந்தேன். வழியில் தெரிந்த கோயில் எதையும் விடாமல் கும்பிட்டேன். இந்த ஒரு தடவை காப்பாற்று, இனி எண்ணாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்கமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன். பள்ளி விட்டிருந்தது. டீச்சர் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இப்போதுதான் புறப்பட்டார் என்றார்கள். சேற்றில் இரண்டு முறை விழுந்து எழுந்து கரையில் ஏறியபோது பிக்கப்பின் பின்புறம் தெரிந்தது. நேராகப் போய்க்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திக்கொண்டே போய் மறித்தேன்.

முன்னச்சை எண்ணாதவன் பிள்ளைகளின் தலைகளை எண்ணினேன். பதினொன்று. மறுபடியும் எண்ணினேன். பதினொன்று.

“எல்லாரும் இவ்வளவுதானா டீச்சர்?”

“பதினொருத்தரும் நிக்கினம். ஏன் தம்பி, பேயைக் கண்ட மாதிரி நிக்கிறீங்கள்?”

எட்டிப் பார்த்தேன். லீவர் நான்கு சக்கர இழுவையில்தான் கிடந்தது. இந்தக் கெட்டிப் பாதையில் அப்படி இந்த வண்டி நேராகப் போகவே முடியாது. ஒன்றும் புரியாமல் முன்சக்கரத்தின் பக்கம் குனிந்தேன். ஹப்பின் குமிழ் ‘ஃப்ரீ’யில் இருந்தது. அந்தப் பக்கம் ஓடினேன், அதுவும் ‘ஃப்ரீ’. அந்தக் கால வண்டிகளில் லீவரை இழுத்தால் மட்டும் போதாது. இறங்கி வந்து இரண்டு முன்சக்கரத்துக் குமிழ்களையும் கையால் ‘லாக்’குக்குத் திருப்பினால்தான் இழுவை சக்கரத்தில் சேரும். அதை டீச்சரிடம் சொல்ல மறந்திருக்கிறேன். மூன்று வாரமாக முன்சக்கரங்கள் சும்மா உருண்டிருக்கின்றன. நான் செய்த ஒரு தப்பை நான் செய்த இன்னொரு தப்பு காப்பாற்றியிருக்கிறது. அப்படியே பாதையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அவ்வளவு நிம்மதியை அதற்குப் பிறகு என் பெண்டாட்டிக்குச் சுகப்பிரசவம் என்று நர்ஸ் வந்து சொன்ன அன்றைக்குத்தான் அனுபவித்தேன்.

டீச்சரைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போய் இரண்டு தப்பையும் ஒளிக்காமல் சொன்னேன்.

“எண்ணாமல் விட்டது பிழை தம்பி” என்றார், நோட்டுத் திருத்துகிற அதே குரலில். நான் தலையை ஆட்டினேன். பிறகு யோசித்தார். “அப்ப இந்த மூண்டு கிழமையும் நான் இழுத்த லீவர்?”

“சும்மாதான் டீச்சர். பின்னால ரெண்டு மட்டும்தான் இழுத்திருக்கு. டயரும் பல்லும் சரியா அமைஞ்சதால ஏறிடுச்சு.”

வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளைகள் எங்களையே கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் லீவரை இழுக்கேக்க எல்லாம் ‘நாலு’ எண்டு கத்துவினம். தயவு செய்து பிள்ளையளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ.” சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை சரியான சாமானை மாட்டினேன். நான் சக்கரத்தைச் சுற்ற, அவர் பக்கத்தில் நின்று சத்தமாக எண்ணினார். அவர் ஓய்வுபெறும் வரை அந்த வண்டி ஓடியது, பள்ளியும் நடந்தது. கடைசியில் வண்டியைப் பிரித்தபோது இந்த ஹப்பை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது வரும் வண்டிகளில் லீவரே இல்லை. பொத்தானை அழுத்தினால் நான்கு சக்கரமும் இழுக்கிறது. போன மாதம் அப்படி ஒரு வண்டிக்கு டயர் கேட்டு ஒரு பெண் வந்தாள். பேசிக்கொண்டே மேசையிலிருந்த ஹப்பை எடுத்துத் திருப்பினாள்.

“எங்க பெரிய டீச்சர் வண்டியிலயும் இப்படி ஒன்னு இருந்துச்சு அங்கிள். ஜெஞ்சாரோம் தோட்டத்துல. அவங்க லீவர இழுத்தா முன் சக்கரம் துள்ளிக்கிட்டு போகும், நாங்க நாலுன்னு கத்துவோம்.”

“ஆமாம்மா, நல்லா இழுக்கும்.”

“எங்க டிவிஷன்லேருந்து பதினோரு பேர் போவோம்.”

“தெரியும்மா.”

“எப்படித் தெரியும் அங்கிள்?”

ஹப்பை அவள் கையிலிருந்து வாங்கித் தாள்களின் மேல் வைத்தேன்.

“ஒருநாள் எண்ணினேன். ரெண்டு தடவ.”