பிடுங்கிய பிறகும் விதைத்த களை

லண்டன் குட்மேய்ஸில் கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டுக்கு நாலு வருடம் காத்திருந்தோம். கிடைத்த முதல் வசந்தத்திலேயே கடிதம் வந்தது: ஒரு மாதத்துக்குள் களை எடுக்காவிட்டால் துண்டு அடுத்தவருக்குப் போகும். எரிச்சல் வந்தது. டபிள் ஷிப்ட் அடிக்கிறவன் எப்போது களை பிடுங்குவது? ஆனால் மனைவி பூசணி விதையோடு காத்திருந்தாள்.

களை முழுக்க ஒரே சாதி. சாண் உயரம், கிழிந்த மாதிரி இலை. பூ என்று சொல்லவும் ஏலாது. இதழே இல்லை, பச்சைக் குப்பிக்குள்ளிருந்து மஞ்சள் நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். கிரவுண்ட்செல் என்று பக்கத்துத் துண்டுக்காரர் சொன்னார். மலேசியத் தமிழர், எஞ்சினியர்.

ஒரு சனிக்கிழமை எல்லாவற்றையும் பிடுங்கி, மண்ணை உதறி, வேர் மேலே பார்க்க வேலிக்கரையில் பரப்பினேன். யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் செய்வோம். மத்தியானத்துக்குள் கருகிவிடும்.

"என்ன அண்ணே, வடகமா காய வைக்கிறீங்க?" என்றார் எஞ்சினியர்.

"ஓம். வெயிலில சாகட்டும்."

"எந்த வெயில்ல? இது லண்டன் லா."

"உம்மட வேலையைப் பாரும்" என்றேன்.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். தண்டெல்லாம் துவண்டு கிடந்தது. ஆனால் மஞ்சளாக இருந்த தலைகள் வெள்ளைப் பஞ்சாக விரிந்திருந்தன. மண் இல்லை, நாலு நாளாகத் தண்ணீர் இல்லை. தண்டில் மிச்சமிருந்த ஈரத்தை வைத்தே விதையை முற்ற வைத்திருக்கிறது. அப்படியே முழங்காலில் இருந்துவிட்டேன். எனக்குக் கோயிலில்கூட வாய் அடைத்தது கிடையாது. அன்றைக்கு அடைத்தது. ஒரு தலையைத் தொட்டேன். மயிரளவு விதைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குடை, காற்றோடு வேலியைத் தாண்டிப் போயின. உடனே அள்ளிப் பையில் கட்டியிருக்க வேண்டும். மடையன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத முடிவில் துண்டுகளைப் பார்வையிடக் கவுன்சில் பெண் வந்தாள். என் துண்டை இரண்டு தரம் கொத்தி வைத்திருந்தேன். சரி என்று குறித்துக்கொண்டாள். எஞ்சினியர் லீவில் மலேசியா போயிருந்தார். அவருடைய பாத்தி முழுக்க அதே களையின் பச்சை. அவள் அதையும் எழுதப் போனாள்.

"அந்தக் களை என்னுடையது. எழுதுவதென்றால் என் பேரில் எழுது" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கிழமை தவணை தந்தாள். தவறினால் என் துண்டு போகும்.

ஏழு நாளும் ஷிப்டுக்கு முன்னால் அவருடைய பாத்தியில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். செடி நகத்தளவுதான். வேர் விரல் நீளத்துக்கு இறங்கியிருந்தது.