தொடாமல் தூவிய திருநீறு

மண்ணுக்கு வயது பார்ப்பது என் பிழைப்பு. கடற்கரையில் குழாய் இறக்கி எடுத்த பழைய சேற்றில் இருக்கும் கரியை வைத்துக் கணக்குப் போடுவோம். நேற்றைய கரி துளி கலந்தாலும் போச்சு, கிழட்டு மண் குமரியாகிவிடும். அதனால் மதுரையில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பஞ்சு கூடாது, காகிதம் கூடாது, வெறுங்கை கூடவே கூடாது. ஆயுத பூசைக்குச் சாம்பிராணி கொண்டு வந்தவரை வராந்தாவோடு விரட்டியிருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

என்னோடு வேலை பார்த்தவன் உசிலம்பட்டிக்காரன். ராமநாதபுரத்துக் கரையில் குழாய் இறக்கிக் கொஞ்சம் சேறு எடுத்து வந்தான். லென்ஸ் வைத்துப் பார்த்து, முடி போன்ற வேர்களை இடுக்கியால் பொறுக்கி, கிளிஞ்சல் தூள் கரைய அமிலத்தில் கழுவி, மாதக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான். கரியை எண்ணி வயது சொல்லும் வெளியூர்க் கூடத்துக்கு அனுப்புவதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். அந்த இடத்தில் இப்போது இறால் பண்ணை; மறுபடி குழாய் இறக்க வழியில்லை. மிச்ச வேலையை நான் முடித்தேன். அவன் பெயரில் அந்த முடிவு வந்தே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

அனுப்ப இருந்த அன்று அவன் அப்பா வந்தார். மகன் வேலை பார்த்த இடத்தை ஒரு தடவை பார்க்க வேண்டுமாம். உலர்த்தி எடுத்த குப்பிகள் ஆறுவதற்காக மேசையில் திறந்திருந்தன. அவன் எடுத்த மண் இதுதான் என்று காட்டி, அவன் நாற்காலியிலேயே அவரை உட்கார வைத்துவிட்டு, டீ சொல்லப் போனேன்.

திரும்பி வந்தபோது குப்பிகளுக்குள் வெள்ளையாகப் படிந்திருந்தது. அவர் கையில் திருநீற்றுப் பொட்டலம்.

"எங்க குலசாமி துண்ணூறு தாயி. அவன் மண்ணு பத்திரமாப் போகட்டும்னு." என் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னார்: "கை படக்கூடாதுன்னு வீட்டுல சொல்லிக்கிட்டே இருப்பான். அதான் தொடல. மேலாப்புல தூவித்தான் விட்டேன்."

சாணச் சாம்பல். அதில் வெந்தும் வேகாத கரி இருக்கும். இனி எந்த அமிலத்தாலும் அதைப் பிரிக்க முடியாது. வேறு யாராக இருந்தாலும் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன். அன்று அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"சரியாத்தான்ப்பா செஞ்சிருக்கீங்க" என்றேன். அவர் டீ குடித்து முடிக்கும்வரை ஒவ்வொரு குப்பியாக மூடினேன். வயது தெரிந்ததும் ஒரு போன் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது அவர்தான் எப்போதாவது கூப்பிடுகிறார். இன்னும் வரவில்லை அப்பா, வந்ததும் சொல்கிறேன் என்கிறேன். குப்பிகள் அவன் மேசையில்தான் இருக்கின்றன.