வடிவம்மாவின் வீடும் அருளம்பலத்தின் குடையும்

கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டிய மேட்டில் உள்ள ஓட்டு வீட்டில்தான் வடிவம்மா பிறந்தாள். கல்யாணமாகியும் அங்கேயே இருந்தாள். அப்பா ராஜலிங்கம் இந்தியாவிலிருந்து வந்து கண்டி நகரில் துணிக்கடை வைத்தவர். ஒரே மகளின் கல்யாணத்தன்று வீட்டை அவள் பேருக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். நாடு சுதந்திரமடைந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை அருளம்பலம் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் கிளாக்கர், ஊர் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. பேச்சுக் குறைவு, குடி கிடையாது. மாமனாருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு பெட்டியும் ஒரு கறுப்புக் குடையுமாக மாப்பிள்ளை வந்து சேர்ந்தார்.

பக்கத்து வீட்டுச் சுமனாவதிக்கு ஒரே குஷி. கண்டிச் சிங்களவரிடையே பெண் புருஷன் வீட்டுக்குப் போனால் அது தீக கல்யாணம். புருஷன் பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன கல்யாணம். ராஜாக்கள் காலத்து வழக்கம். வெள்ளைக்காரன் கண்டியைப் பிடித்த பிறகும் அதைத் துடைத்துப் போடவில்லை. பின்னவில் வந்தவனை மனைவி வீட்டார் எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம். ஆகையால், மழையோ ராத்திரியோ உடனே கிளம்பத் தோதாக, குடையும் பந்தமும் கைத்தடியும் அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய கேலி.

"குடை பத்திரமா, மாத்தையா?" என்று சுமனாவதி சிங்கள மரியாதையோடு வேலிக்கு மேலால் கேட்பாள்.

வடிவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அருளம்பலம் சிரிக்க மாட்டார். "என்ர வீடு சாவகச்சேரியில கிடக்கு" என்பார். அது வெறும் பேச்சும் இல்லை. லீவு கிடைத்தால் ரயிலேறிவிடுவார். அங்கே வேலி அடைப்பார், கிணறு இறைப்பார். அம்பிட்டிய வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடித்தவர் இல்லை மனிதர்.

பிள்ளை இல்லை. பெரியப்பாவின் பேத்தி ஞானேஸ்வரியை வடிவம்மா எடுத்து வளர்த்தாள். பென்சன் எடுத்ததும் அருளம்பலம், "வீட்டுச் சுவர் இடிஞ்சு போச்சாம், பாத்திட்டு வாறன்" என்று ஊருக்குப் போனார். பிறகு வரவில்லை. சண்டையா என்றால் சண்டையும் இல்லை. பொங்கலுக்குப் பனங்கட்டி அனுப்புவார், அவ்வளவுதான். குடையை மறந்து விட்டுப் போயிருந்தார். வடிவம்மா அதைக் கதவுக்குப் பின்னால் மாட்டி, தூசு தட்டி வைத்திருந்தாள்.

ஞானேஸ்வரிக்குக் கல்யாணம் பேசியதும், வீட்டை அவள் பேருக்கு எழுத வடிவம்மா புரொக்டர் முஹைதீனிடம் போனாள். வழக்கும் பேசுவார், உறுதி எழுதும் நொத்தாரிசும் அவரே.

"ஒங்கட புருஷன்ட கையெழுத்து வேணுமே, தங்கச்சி" என்றார் அவர்.

"எங்க அப்பா குடுத்த வீடுங்க. அதுவும் கண்டியில இருக்கு. கண்டிச் சட்டந்தானே வரும்?"

முஹைதீன் சிரித்துவிட்டார். இந்தத் தப்பை அந்த ஊரில் பாதிப் பேர் செய்வார்கள். சட்டம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது என்று நினைப்பு. களவெடுத்தால் எல்லாருக்கும் ஒரே தண்டனைச் சட்டம். இங்கிலீஷ்காரன் இந்தியாவுக்கு எழுதியதைப் பார்த்து இங்கேயும் போட்டது. கல்யாணம், சொத்து என்று வந்தால் மட்டும் சட்டம் ஆளை நிறுத்தி, நீ யாருடைய ஆள் என்று கேட்கும். சுமனாவதிக்குக் கண்டி ராஜாக்களின் வழக்கம். முஹைதீன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஷரீஅத்தும் காதி நீதிபதியும். எதிலும் சேராத வடிவம்மா போன்றவர்களுக்கு, ரோமாபுரியில் பிறந்து ஒல்லாந்தர் கப்பலில் வந்திறங்கிய உரோமன் டச்சுச் சட்டம். யாழ்ப்பாணத்தில் நிலையாகக் குடியுள்ள தமிழருக்குத் தேசவழமை. அவர்களின் பழைய வழக்கங்களை ஓர் ஒல்லாந்த அதிகாரி எழுதிவைக்க, ஊர்த் தலைவர்களான தமிழ் முதலியார்கள் வாசித்துச் சரி என்றார்களாம். அந்தத் தேசவழமைக்காரனைக் கட்டினால் கட்டிய பெண்ணும் அதற்குள் வந்துவிடுவாள். தன் சொந்தக் காணியைக்கூட அவன் எழுத்தில் சம்மதம் தராமல் கொடுக்க முடியாது. நல்ல நியாயம்தான்.

"ஒரு கடுதாசி போடுங்க, சம்மதம் வந்திடும்" என்றார் முஹைதீன். "இல்லாட்டி, உட்டுட்டுப் போயிட்டார்னு கோட்டுல சொல்லுங்க, நீதவான் அனுமதி தருவார். இன்னொரு வழியும் இரிக்கி. அவர் கண்டியிலேயே நெலையா குடியிருந்தவர்னு காட்டணும். அப்ப தேசவழமை அவருக்கே இல்ல, ஒங்களுக்கும் இல்ல. ஆனா அது கஷ்டம்."

"விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்ல மாட்டேன். குடியிருந்தவருன்னே எழுதுங்க."

"கடுதாசிதான் லேசு, தங்கச்சி."

வடிவம்மா தலையை ஆட்டிவிட்டாள். வீடு ஞானேஸ்வரிக்குப் போக வேண்டும், அது உண்மை. ஆனால் அதற்கும் மேலே ஓர் ஆசை இருந்தது. அந்த மனிதர் தன்னோடு வாழ்ந்தது தன் வீட்டில் வாழ்ந்ததுபோலத்தான் என்று ஒரு நீதவான் சொல்லக் கேட்க வேண்டும். இத்தனை வருஷம் புருஷன் வாயிலிருந்து வராததைக் கோர்ட்டிலிருந்தாவது வாங்கிவிடலாம் என்று பார்த்தாள், பாவம்.

வழக்கன்று அருளம்பலம் வந்திருந்தார். மெலிந்திருந்தார். முதலில் சுமனாவதி சாட்சி சொன்னாள்: மாத்தையா வீட்டுக்காரர் மாதிரியேதான் இருந்தார், தான் கேலி செய்ததெல்லாம் சும்மா. பிறகு அருளம்பலம் சாட்சிக் கூண்டில் ஏறினார்.

"உமது வீடு எங்கே?" என்று கோர்ட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் கேட்டார்.

"சாவகச்சேரியில."

"அம்பிட்டிய?"

"உத்தியோகத்துக்காக இருந்தனான்."

அந்த வீட்டை ஒரு நாளாவது உமது வீடு என்று நினைத்ததில்லையா என்று நீதவான் கேட்டார். அருளம்பலம் வடிவம்மா இருந்த பக்கம் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"இல்லை ஐயா. அது அவவின்ர வீடு."

அதோடு வழக்குத் தோற்றது.

வெளியே விறாந்தையில் அவர் அவளிடம் வந்தார். "நீர் ஒரு சொல்லுக் கேட்டிருந்தா எழுதித் தந்திருப்பனே. இதுக்கேன் கோடு, வழக்கெண்டு?"

"தெரியுங்க" என்றாள் வடிவம்மா.

முஹைதீனின் அறையில் அன்றே சம்மதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீடு ஞானேஸ்வரிக்குப் போக இனித் தடையில்லை. வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. வடிவம்மா துணிப்பையிலிருந்து அந்தக் கறுப்புக் குடையை எடுத்தாள். வழக்கு வென்றால் அவரை வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது இரண்டு பேருமாகப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று கொண்டுவந்தது.

"மழை வருது. எடுத்துட்டுப் போங்க" என்று அவர் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தார். பக்கத்தில் நின்ற சுமனாவதி இந்தத் தடவை குடையைக் கேலி செய்யவில்லை.