பகேரியாவைச் சேர்த்த கணக்கு

வியாழன் பின்னேரம் இத்தாலியின் பலெர்மோ நகரத்து எசமானிகளான சிஞ்ஞோராக்கள் வீட்டு வேலைக்காரருக்கு லீவு கொடுப்பதால், ஒரேத்தோ மைதானத்தில் தமிழரின் கிரிக்கெட் போட்டி நடக்கிறது. பக்கத்துச் சிற்றூரிலிருந்து புதிதாகச் சேர்ந்த பகேரியா அணி இப்போதுதான் நாலாவது கேட்ச்சையும் கோட்டை விடுகிறது.

பக்கத்தில் நிற்கும் போட்டிச் செயலாளர் அந்தோனி அண்ணரிடம், “இவையை ஏன் சேர்த்தனீங்கள்?” என்று கேட்கிறேன்.

“விளையாட்டுக்கே சேர்த்தனாங்கள்? மட்ச் காட்டுற தமிழ் ரிவிக்காரருக்கு விளம்பரக் காசு குடுக்கிறது மிளகாய்த்தூள் கடைக்காரன். பகேரியாத் தமிழரும் பாக்கவேணுமெண்டு பிடிவாதமா நிண்டவன். அவையின்ர ரீம் விளையாடினால்தானே பாப்பினம்?”

“நேரடியாவோ காட்டுகினம்?”

“ஓம், இப்ப போய்க்கொண்டிருக்கு.”

“பகேரியாவில எத்தனை தமிழர் இருக்கினம்?”

“பதினொரு பேர்,” என்றவர், மைதானத்தில் நிற்பவர்களை விரல் நீட்டி எண்ணத் தொடங்குகிறார்.