ஜலஜாட்சியின் பரிசோதனை

குந்தாப்புரம் மீன் சந்தைக்கு எதிரே நீர்தோசை விற்ற ஜலஜாட்சி, கடைக்கு உரிமம் வாங்க மருத்துவச் சான்றிதழுக்குப் போனாள். பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர் அவளை உட்காரச் சொன்னார்.

“உங்க உடம்புல டைபாய்டு கிருமி இருக்கும்மா. உங்களை ஒண்ணும் செய்யாது. ஆனா நீங்க சமைச்சதைச் சாப்பிடுறவங்களுக்குப் பரவலாம். குணமாகுற வரைக்கும் சமைக்காதீங்க.”

“எனக்குக் காய்ச்சலே வந்ததில்லையே, டாக்டரே! போன மழைக்காலத்துல என் மக சுமனாதான் டைபாய்டுல செத்துப் போனா…”

அவள் தன் இரு கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

“அவளுக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா” என்றார் டாக்டர்.

வீட்டில் கணவன் சேசப்பா பசியோடு காத்திருந்தான். “உரிமம் கிடைச்சுதா? சோறாக்கிப் போடு, பேசலாம்.”

“நீங்களே ஆக்கிக்குங்க. இனி என் கையால வேண்டாம்” என்று சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதாள்.