மொட்டை மாடியில் பாண்டி ஆடினோம்

என் தங்கையின் கணவர் புத்தூருக்கு வெளியே பைபாஸ் சாலையில் லாரி மோதி இறந்துபோனார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அவளை ஆந்திர எல்லையில் இருக்கும் நகரிக்கு, எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமனாரும் மாமியாரும் முன்பே போய்விட்டார்கள். அவருடைய அக்கா, அதாவது என் தங்கையின் நாத்தனார் மட்டும் அதே ஊரில் பக்கத்துத் தெருவில் இருந்தார். "கொஞ்ச நாள் உன் கூடவே வச்சிக்கோம்மா. இந்த ஊட்ல தனியா இருந்தா அவ தாங்க மாட்டா" என்று அவரேதான் சொன்னார்.

எங்கள் வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். மகள் சித்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவர் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறார். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன்.

தங்கை வந்தபின் முதல் சில வாரங்கள் எப்படிப் போயின என்று எனக்கே தெளிவாக நினைவில்லை. அவள் படுத்தே கிடந்தாள். தட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவாள், வைக்காவிட்டால் கேட்க மாட்டாள். திருப்பதியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை கொடுத்தார். மாத்திரையில் தூக்கம் வந்தது, வேறொன்றும் வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிப் பேசினார்கள். நானும் அப்படித்தான் பேசினேன். அவள் தலையை ஆட்டுவாள். யாரோ ஒருத்தியின் கதையைக் கேட்பதுபோல இருக்கும் அந்தத் தலையாட்டல்.

ஒருநாள் காலையில் தோசை ஊற்றும்போது கரண்டி வழுக்கி மாவு ஓரமாக நீண்டு ஓடிவிட்டது. அதை அப்படியே சுட்டு அவள் தட்டில் வைத்தேன். அவள் வெகுநேரம் அதைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது, பல்லியா?"

எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவளாகக் கேட்ட முதல் கேள்வி அதுதான். நான் திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு, "முதலை. வால் இன்னும் வேகல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் வாலை முதலில் பிய்த்துத் தின்றாள்.

மறுநாளிலிருந்து வேண்டுமென்றே ஊற்றினேன். எனக்குக் கோலம்கூட ஒழுங்காக வராது. நான் ஊற்றும் யானை அவளுக்குச் சுரைக்காயாகத் தெரியும், பேருந்து செருப்பாகத் தெரியும். ஒருநாள் அவளே எழுந்துவந்து கரண்டியைப் பிடுங்கினாள். "தள்ளு, நீ ஊத்தனா எதுவும் தெரியமாட்டுது" என்றாள். அவள் ஊற்றியது ஒரு பூனை. நிஜமாகவே பூனை மாதிரிதான் இருந்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் நான் தையல் மெஷின்முன் உட்கார்ந்து அழுதேன்.

அதன்பிறகு எனக்கு இதே வேலையாகிவிட்டது. பெரியவர்கள் செய்தால் பைத்தியம் என்பார்களே, அந்த மாதிரிக் காரியங்களாகத் தேடிப்பிடித்தேன். துணி துவைக்கும்போது விரல்களை வளையமாக்கிச் சோப்புக் குமிழி ஊதினோம். கரண்டு போனால் செல்போன் டார்ச்சில் சுவரில் நாயும் மானும் காட்டினோம். கத்தரித்துப் போட்ட துணித் துண்டுகளில் விரல் அளவு பொம்மைகள் செய்து, அவற்றுக்கு எங்கள் தெருக்காரர்களின் குரலைக் கொடுத்தோம்.

அவளுக்கு மிகவும் பிடித்தது ஒரு பேச்சு விளையாட்டு. எங்கள் ஊரில் ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பது எல்லாருக்கும் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடியும்வரை தெலுங்கு மட்டும்தான் பேச வேண்டும், தமிழில் ஒரு வார்த்தை வந்துவிட்டால் பாத்திரம் கழுவ வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். என் வீட்டுக்காரர் எங்களைவிடப் புத்திசாலி. தோற்றுவிடக் கூடாது என்று வாயையே திறக்காமல் உட்கார்ந்திருந்தார். ரசத்தைக் கையால் காட்டினார், அப்பளத்தைக் கண்ணால் காட்டினார். நான் எதையோ சொல்லும்போது சாம்பார் என்றேன்.

"அக்கா தோத்துட்டா. சாம்பார் தமிழு" என்றாள் தங்கை.

"தெலுங்குலயும் சாம்பார்தான். இப்ப பேசினியே, அதான் தமிழு" என்றேன்.

பேசாமல் இருந்த மனிதர் பொறுக்க முடியாமல், "ரெண்டு பேரும் தோத்துட்டீங்க, போய்க் கழுவுங்க" என்றார். அவர் சொன்னதும் தமிழ்தான் என்று தெரிந்ததும் என் தங்கை சிரித்தாள். புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது என்று எண்ணிப் பார்க்கக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அவர் எழுந்து போய்த் தானே பாத்திரம் கழுவினார்.

மாங்காய் வரும் காலத்தில் ஒரு சாயங்காலம். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது, செங்கல் துண்டு ஒன்றை எடுத்து அவள் தரையில் கட்டம் போட்டாள். வீட்டில் பாண்டி என்போம், பள்ளிக்கூடத்தில் தெலுங்கில் தொக்குடு பில்ல என்போம். ஓட்டுச் சில்லை எறிந்து நொண்டியடிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. எனக்கு முழங்கால் வலி வேறு. இரண்டாவது கட்டத்திலேயே கால் ஊன்றிவிட்டேன். அவள் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு கடைசிக் கட்டம்வரை போனாள். "ஏய், கோடு மிதிச்சிட்ட" என்று கத்தினேன். "எங்க, எங்க மிதிச்சேன், காட்டு" என்று ஒற்றைக் காலில் நின்றபடியே சண்டைக்கு வந்தாள்.

அப்போதுதான் மாடிப்படியில் அவளுடைய நாத்தனார் நிற்பதைப் பார்த்தேன்.

திதி கொடுப்பதைப் பற்றிப் பேச வந்திருந்தார். கீழே கதவு திறந்திருக்க, சத்தம் கேட்டு மேலே வந்திருக்கிறார். கையில் ஒரு பை மாம்பழம். தங்கை காலை மெல்லக் கீழே வைத்து, செருகியிருந்த புடவையை இழுத்துவிட்டாள்.

"வாங்கண்ணி" என்றாள்.

"ஆடும்மா. நான் கீழ உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார் அவர்.

நான் கீழே இறங்கிப் போனபோது, அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். "நான் எதுவும் தப்பா நெனைக்கல" என்று என்னிடம் சொன்னார். "அவள அப்பிடிப் பாத்ததும் ஒரு நிமிசம், எல்லாம் நடக்கவே இல்லியோன்னு தோணிச்சி. எந்தம்பி கீழ வண்டி நிறுத்திட்டு வருவான் மாதிரி இருந்திச்சி. அவ்ளோதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குத்தான் இன்னும் ஒருவாய் சோறு எறங்கமாட்டுது" என்றார்.

தங்கை கதவருகே நின்று இதைக் கேட்டாள்.

அவர் திட்டியிருந்தால் நான் பதிலுக்குப் பேசியிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். அவர் என் தங்கையைக் குறைசொல்லவில்லை. தன் துக்கத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த மாம்பழங்களை வெட்டித் தட்டில் வைத்தேன். யாரும் தொடவில்லை.

அன்றோடு முடிந்தது. தோசை வட்டமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் தெலுங்கில் ஆரம்பித்தால், அவள் மரியாதையாகத் தெலுங்கில் பதில் சொல்லிவிட்டு எழுந்துபோவாள். ஒருநாள் விரலில் துணிப் பொம்மையை மாட்டிக்கொண்டு அவளிடம் போய்ப் பேசினேன். "வேணாங்க்கா. போதும்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டபின் நானும் நிறுத்திவிட்டேன்.

திதி முடிந்த கையோடு, ஸ்ரீ சிட்டியில் வேலைக்குப் போகிறேன் என்றாள். என் வீட்டுக்காரர்தான் விசாரித்துச் சேர்த்துவிட்டார். செல்போன் சார்ஜர் பாகங்களைப் பொருத்தும் வேலை, ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்ய வேண்டும். நகரியிலிருந்து அவர் பஸ்ஸிலேயே போய் வரலாம் என்று எவ்வளவோ சொன்னோம். கம்பெனிக்குப் பக்கத்தில் சத்தியவேட்டில் ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

போன மாதம் அவளைப் பார்க்கப் போனேன். சின்ன அறை, கட்டில்கள் நெருக்கிப் போட்டிருந்தன. அறையில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் ஸ்ரீகாகுளம் பக்கத்திலிருந்து வந்த சின்னப் பெண்கள். ஒரே செல்போனைச் சுற்றி உட்கார்ந்து தாயம் மாதிரி ஏதோ விளையாடிக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். "ஆன்டி, மீரு கூட ரண்டி" என்று என் தங்கையையும் விளையாடக் கூப்பிட்டார்கள். அவள் "வத்தம்மா" என்று மறுத்துவிட்டு மறுநாளைக்கான யூனிபார்மை மடித்தாள். ஏற்கெனவே மடித்திருந்ததைத்தான் பிரித்து மறுபடி மடித்தாள். மெலிந்திருந்தாள். விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன.

என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். ஸ்டாப்பில் நிற்கும்போது கேட்டேன். "லீவு போட்டுட்டு நாலு நாள் வந்து இருந்துட்டுப் போயேன். உன்ன யாரும் எதுவும் சொல்லமாட்டாங்க. உன் நாத்தனாரே போன் பண்ணி, அவ நல்லா கீறாளான்னு கேட்டுக்கினே இருக்காங்க."

"தெரியுங்க்கா. என்கிட்டயும் பேசினாங்க."

"அப்பறம் இன்னா?"

அவள் சாலையைப் பார்த்தபடி சொன்னாள். "அங்க வந்தா சிரிச்சிடுவேன். அன்னிக்கு மாடில ஆடறப்ப, கொஞ்ச நேரம் அவர மறந்தே போயிட்டேங்க்கா. அண்ணி வந்து நின்னப்பதான் அவரு இல்லன்னு நெனப்பு வந்திச்சி. அவரு போயிட்டாருன்னு மொதல் நாள் வந்து சொன்னாங்களே, அதே மாதிரி இருந்திச்சி. இன்னொரு வாட்டி அத என்னால தாங்க முடியாது. இங்கன்னா மறக்கறதே இல்ல. இதுவே பரவால்ல."

நான் செய்ததெல்லாம் அவளுக்கு மறுபடி ஒரு சாவைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ் வந்தது, ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவள் ஹாஸ்டல் பக்கம் நடந்துகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறேன். சாப்பிட்டேன் என்கிறாள், தூங்கினேன் என்கிறாள். கொஞ்ச காலம் போனால் சரியாகிவிடுவாள் என்கிறார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.